வெடிச் சீமையில் அகதிக் குழந்தைகள்

சிவகாசிப் பக்கம் போய்வந்த நேயர்கள் அறிவார்கள்; அங்கே வெடிச் சத்தம் கேட்கத் தீபாவளி வரவேண்டியதில்லை. சரக்கின் தரம் பார்ப்பதற்காக எந்த நாளிலும் எங்கேனும் ஒரு வெடியைக் கொளுத்துவார்கள். உள்ளூர்க் குழந்தைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தச் சத்தந்தானே அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது!

அதே சீமையில், அனுப்பன்குளத்திலும் ஆனைக்குட்டத்திலும், விருதுநகரை அடுத்த குல்லூர்சந்தையிலும், இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு முகாம்கள் அமைந்தன. ஆகாயத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்கு குழிக்குள் பாய வேண்டும் என்ற பாடத்தை அரிச்சுவடிக்கு முன்பே கற்றுக்கொண்ட குழந்தைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். குண்டுக்கு அஞ்சி ஓடி வந்தவர்களை வெடிமருந்துச் சீமையில் குடிவைத்த விந்தையை என்னவென்று சொல்வது! வேண்டுமென்று செய்தவர் எவருமில்லை. இடம் இருந்தது, வைத்தார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது அந்தக் கடலைப் படகுகளில் கடந்து மண்டபம் முகாமை அடைந்தவர்கள் ஏராளம். முன்னொரு காலத்தில், தேயிலைத் தோட்டக் கூலிகளாகப் புறப்பட்ட நம் ஜனங்களைத் தடுத்து நிறுத்தி, நோய் நொடி உண்டா என்று பரிசோதித்து அக்கரைக்கு அனுப்பியதும் அதே மண்டபத்தில்தான்.

உடம்பில் காயம் பட்ட குழந்தைக்கு வைத்தியர் உண்டு. உள்ளத்தில் காயம் பட்ட குழந்தையோ தன் நோயைச் சொல்ல அறியாது. நள்ளிரவில் அலறி எழும். பெரிய பிள்ளையாகியும் படுக்கையை நனைக்கும். பேச்சு நின்றுபோவதும் உண்டு. ‘முரட்டுப் பிள்ளை’ என்றும் ‘மந்த புத்தி’ என்றும் நாம் பெயர் சூட்டிவிடுவோம்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டு முகாம்கள் பலவற்றில் உழைத்து வந்திருப்பது ‘இயேசு சபை அகதிகள் பணி’ என்னும் கிறிஸ்தவ ஸ்தாபனம். 1980 நவம்பர் 14-ஆம் தேதி இதைத் தோற்றுவித்தவர் பெத்ரோ அருப்பே என்ற பாதிரியார். ஸ்பெயின் தேசத்தவர், துறவு பூணுமுன் வைத்தியம் படித்தவர். 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்நகரின் புறத்தே இருந்த மடத்தில் இருந்தார். அன்றே மடத்தை வைத்தியசாலையாக மாற்றி, வெந்த உடல்களுக்குச் சிகிச்சை செய்தார். பிற்காலத்தில் வியட்நாமியர் படகேறித் தத்தளித்த செய்திதான் இந்த ஸ்தாபனத்துக்கு வித்து. உலகம் அதுவரை கண்டிராத பெருவெடியின் சத்தத்தைக் கேட்ட ஒருவர் தொடங்கிய காரியம் நம் வாசலுக்கும் வந்தது என்பது நினைக்கத்தக்கது.

அவர்கள் செய்த வேலை பார்வைக்கு மிகச் சிறியது: மாலைப் பள்ளி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது, பாட்டு, விளையாட்டு. ஆனால் கவனியுங்கள்: சொல்லிக்கொடுப்பவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அல்லர், முகாமிலேயே வளர்ந்து படித்த யுவதிகளும் இளைஞர்களும். குழந்தையின் பேச்சும் அதன் பயமும் அவர்களுக்கு அந்நியமல்ல. தினமும் அதே நேரம், அதே இடம், அதே அக்கா. நாளை என்ன நேருமோ என்று நடுங்கிய குழந்தைக்கு, நாளையும் இன்றைப் போலவே இருக்கும் என்று காட்டுவதைக் காட்டிலும் நல்ல மருந்து ஏது?

பாதிரிமார் என்றதும் நேயர்களில் சிலர் புருவத்தை நெரிப்பீர்கள். மதம் மாற்றவா என்று கேட்பீர்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். முகாம்வாசிகளில் பெரும்பாலோர் இந்துக்கள். மாலைப் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் மதம் கேட்பதில்லை. 1991-க்குப் பின் தொண்டு ஸ்தாபனங்கள் முகாம்களுக்குள் செல்லத் தடைகள் எழுந்தன. அகதி மாணவர்களின் கல்விச் சலுகையும் பறிபோயிற்று. ஒரு பெருங்குற்றத்துக்குச் சிலேட்டுப் பலகை ஏந்திய பாலர்களும் தண்டனை அனுபவித்த காலம் அது. அக்காலத்திலும் அவர்கள் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் யார் என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

அக்கரையிலும் இயேசு சபையார் கை வைத்த ஒரு காரியம் உண்டு. மட்டக்களப்பில் 1996-இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ பிறந்தது. பாதிரியார் பால் சற்குணநாயகமும், கனடா தேசத்துக் கலைஞர் பால் ஹோகனும் அதை நடத்தினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் குழந்தைகளை ஒரே பஸ்ஸில் அழைத்து வந்து, களிமண்ணையும் வர்ணத்தையும் கையில் கொடுத்தார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளைகள் சேர்ந்து பொம்மை செய்தார்கள்! சொல்ல வாய் வராததை மண்ணில் பிசைந்து காட்டலாம் அல்லவா?

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. முகாம்கள் முடியவில்லை. 2021-இல் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் ஏறக்குறைய 58,000 பேர். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று சர்க்கார் மாற்றியது. புது வீடுகளுக்கும் பணம் ஒதுக்கியது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் 2019-இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. முகாமிலே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிலே படித்து, கடலுக்கு அக்கரையை ஒருநாளும் காணாத பிள்ளைகளில் பலர் இன்னும் எந்தத் தேசத்துப் பிரஜை என்று சொல்ல முடியாமல் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற பின்பும், தகப்பனாரோடு சுவருக்கு வர்ணம் பூசும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவர்களிடையே உண்டு.