கற்பனைக் கிரகமும் நகரும் மணலும்

விஞ்ஞானப் புனைகதைகளில் வரும் உலகங்கள் பலவாகும். சந்திரனின் பாறைக் குடைவுகள், கடலடி நகரங்கள், செவ்வாய்க் கிரகத்தின் கால்வாய்கள் எனக் கதாசிரியர்கள் படைத்துத் தந்த களங்களுக்கு அளவில்லை. அவற்றுள் வாசகர்களும் விளையாட்டுப் பிரியர்களும் திரும்பத் திரும்ப விரும்பிச் செல்லும் களங்களில் ஒன்று ‘அராக்கிஸ்’ என்னும் பாலைவனக் கிரகம். அமெரிக்க எழுத்தாளரான பிராங்க் ஹெர்பர்ட் (1920–1986) எழுதிய ‘டியூன்’ என்ற நாவலின் நிலைக்களம் அதுவே. ‘டியூன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மணற்குன்று என்பது பொருள்.

இக்கதை 1963 டிசம்பர் முதல் ஒரு விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1965இல் நூலாயிற்று. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதனை ஏற்க மறுத்துவிட்டன. இறுதியில் அதனை வெளியிட்டது, மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனமாகும். மண் பாதுகாப்பு, காடு வளர்ப்பு, வேளாண்மை ஆகிய துறைகளில் உழைப்போர்க்கு இந்நூலில் தனி உரிமை உண்டு. வறண்ட நிலங்களில் பணியாற்றும் உயிர்ச்சூழல் அறிஞர்களுக்கே ஆசிரியர் இதனைக் காணிக்கையாக்கியுள்ளார். அதற்குக் காரணமும் உண்டு.

ஆரிகன் கடற்கரையில் பிறந்த எண்ணம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆரிகன் மாநிலத்தில், பிளாரன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீட்டர் நீளத்துக்கு மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. கடற்காற்றினால் உந்தப்பட்ட மணல், சாலைகளையும் இருப்புப் பாதையையும் வீடுகளையும் மூடிவந்தது. ஆற்று முகத்துவாரங்களையும் தூர்த்தது. இதனைத் தடுக்க அந்நாட்டு வேளாண்மைத் துறையினர் ஐரோப்பியக் கடற்கரைப் புல் வகையொன்றை நட்டு மணலைக் கட்டி நிறுத்தினர்.

பத்திரிகையாளராக இருந்த ஹெர்பர்ட் 1957ஆம் ஆண்டு ஒரு சிறு விமானத்தில் பறந்து இப்பணியைப் பார்வையிட்டார். கடல் அலைகளைப் போல முன்னேறி வரும் மணலை ஒரு புல் தடுத்து நிறுத்தும் காட்சி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதைப் பற்றி அவர் எழுதத் திட்டமிட்ட கட்டுரை வெளிவரவில்லை. ஆயினும், அதற்காகத் திரட்டிய செய்திகள் பல்லாண்டு ஆராய்ச்சியாக விரிந்து, ஒரு கிரகத்தின் வரலாறாகவே உருப்பெற்றன.

மணல் நகர்வது எங்ஙனம்?

காற்று வீசும்போது மணற்பரல்களில் பெரும்பகுதி வானில் பறந்து செல்வதில்லை. அவை தத்தித் தத்திச் செல்கின்றன. காற்று ஒரு பரலைச் சிறிது உயரம் தூக்கி முன்னே எறிகிறது. அது விழும் வேகத்தில் வேறு சில பரல்கள் துள்ளி எழுகின்றன. இவ்வாறு ஒன்றையொன்று எழுப்பியவாறு அவை தரையை ஒட்டியே பயணம் செய்கின்றன. பருமனான பரல்கள் மோதலால் உருண்டு நகர்கின்றன. நுண்ணிய தூசி மட்டுமே உயரே எழுந்து நெடுந்தொலைவு செல்கிறது. இவ்வுண்மைகளை ஆராய்ந்து தொகுத்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ப் பாக்னால்டின் நூல் 1941இல் வெளியாயிற்று.

மணற்குன்றின் காற்றை எதிர்நோக்கும் பக்கம் சாய்வு குறைந்தது. அதன் மீது ஏறிவரும் மணல் உச்சியைக் கடந்ததும் மறுபக்கத்தில் சரிகிறது. அப்பக்கம் சுமார் 32 முதல் 34 பாகை வரை செங்குத்தாக இருக்கும். முன்பக்கம் அரிக்கப்பட்டுப் பின்பக்கம் நிரம்புவதால் குன்று முழுவதுமே அடி அடியாக முன்னேறுகிறது. எனவே மணலை நிறுத்த மலைபோன்ற சுவர் தேவையில்லை. தரையை ஒட்டி வீசும் காற்றின் வேகத்தைக் குறைத்தாலே போதும். புல்லும் சிறு புதர்களும் செய்யும் வேலை இதுவே. ஆரிகனில் நட்ட புல்லோ, தன்மேல் மணல் படியப் படிய உயர்ந்து வளர்ந்து, புதைந்த தண்டிலிருந்தும் வேர்விடும் இயல்புடையது.

கதையில் வரும் திட்டம்

அராக்கிஸில் மழை பெய்வதில்லை. அங்கு வாழும் ‘ஃபிரெமன்’ என்னும் மக்கள், உடலிலிருந்து வெளியேறும் ஈரத்தையும் வீணாக்காமல் மீட்டுத் தரும் ஆடையை அணிகின்றனர். காற்றிலுள்ள நீராவியைப் பொறிகளால் சேகரிக்கின்றனர். அக்கிரகத்துக்கு வந்த ஓர் ஆராய்ச்சியாளர், பழைய குன்றுகளின் காற்று மறைவுப் பக்கத்தில் எளிய புல் வகைகளை நட்டு மணலைக் கட்டவும், பின்னர் படிப்படியாகப் புதர்களையும் மரங்களையும் வளர்க்கவும் அம்மக்களுக்குக் கற்பிக்கிறார். கிரகத்தின் 3 சதவீதத்தில் பசுமை வேரூன்றினால் பிறகு இயற்கை தானே அப்பணியைத் தொடரும் என்பது அவர் கணக்கு. இப்பணிக்கு அவர் குறிக்கும் காலம் முந்நூறு முதல் ஐந்நூறு ஆண்டுகள். தாம் நட்டதன் நிழலில் தாமோ தம் மக்களோ அமர முடியாது என்று தெரிந்தே அம்மக்கள் உழைக்கின்றனர்.

ஆனால் அம்மணலில் பேருருவம் கொண்ட புழுக்கள் வாழ்கின்றன. அரிய மருந்துப் பொருளொன்று அவற்றின் வாழ்க்கைச் சுழற்சியில்தான் விளைகிறது. அப்புழுவுக்கு நீரே நஞ்சு. ஆகவே பசுமை பரவப் பரவப் புழு அழியும். கிரகத்தின் செல்வமும் உடன் அழியும். ஆசிரியர் 1985 வரை எழுதிய ஆறு நாவல்களிலும் இம்முரண்பாடு தொடர்கிறது.

கற்பனையின் எல்லை

இக்கதையின் விவரங்கள் அனைத்தும் விஞ்ஞானத்துக்கு ஒத்தவையல்ல. ஈரத்தை மீட்கும் ஆடையை எடுத்துக்கொள்வோம். வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்வதாலேயே உடல் குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 காலரி வெப்பம் வேண்டும். அந்த ஆவியை ஆடைக்குள்ளேயே மீண்டும் நீராக்கினால், எடுத்துச் சென்ற வெப்பம் அங்கேயே வெளிப்படும். அதை அகற்ற வேறு வழியில்லையேல் அணிந்தவர் குளிர்ச்சி பெறுவதற்கு மாறாக வெப்பத்தால் வாடுவார். இத்தகைய பிழைகளும் ஆசிரியர்களுக்குப் பயன்படுவனவே. கதையைச் சொல்லி, “இது நடக்குமா?” என்று வினவினால், ஆவியாதல் பற்றிய பாடம் மாணவர் மனத்தில் ஆழப் பதியும்.

விளையாட்டுகளில் அராக்கிஸ்

இக்களம் நூலோடு நின்றுவிடவில்லை. 1979இல் வெளியான பலகை விளையாட்டில், மணற்புயல் பலகையைச் சுற்றிவந்து திறந்த வெளியிலுள்ள படைகளை அழிக்கிறது; பாறைப் பகுதிகள் புகலிடம் தருகின்றன. 1992இல் இரு கணினி விளையாட்டுகள் வெளிவந்தன. ஒன்றில் கட்டடங்களைப் பாறை மீதுதான் எழுப்பலாம். செல்வம் மணலிலே கிடக்கிறது. அதை வாரச் செல்லும் இயந்திரங்களைப் புழு விழுங்கிவிடலாம். மற்றொன்றில் செடிகளை நட்டுப் பசுமையைப் பரப்பலாம்; பரப்பிய இடத்தில் அம்மருந்துப் பொருள் மறைந்துவிடும். ஒரு நன்மையைப் பெற எதனை இழக்க நேரும் என்ற கேள்வியை ஆடுபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஏட்டில் படித்து மறப்பதைக் காட்டிலும் இவ்வாறு தீர்மானித்துப் பெறும் அறிவு நிலைத்து நிற்கும்.

ஆரிகனில் பின்னர் நிகழ்ந்தது

கதையில் கண்ட முரண்பாடு மெய்யான ஆரிகன் கடற்கரையிலும் தோன்றிற்று. நட்ட புல் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. கடலோரம் நெடுகப் பரவி, மணலைப் பிடித்து ஓர் உயர்ந்த கரையை எழுப்பியது. உள்ளே செல்ல வேண்டிய மணல் அதனால் தடைப்பட்டது. பின்னாலிருந்த திறந்த மணல்வெளிகள் செடிகொடிகளால் மூடப்பட்டுச் சுருங்கலாயின. திறந்த மணலில் முட்டையிடும் சிறு கரைப்பறவையொன்று இடமிழந்தது. அப்பறவையின் மேற்குக் கடற்கரை இனம் 1993இல் அழிவு அபாயமுள்ளதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. முன்னர் அரசுப் பணியாளர் நட்ட அதே புல்லைப் பின்னர் அரசுப் பணியாளரே சில பகுதிகளில் இயந்திரங்களைக் கொண்டும் கைகளாலும் அகற்றலாயினர்.

முன்னோர் செய்தது அறியாமையால் விளைந்த தவறு என்று கூறிவிட முடியாது. சாலைகளும் வீடுகளும் காப்பாற்றப்பட்டது உண்மை. எந்த இடத்தில் நிறுத்துவது, எவ்வளவோடு நிறுத்துவது என்ற வினா மட்டுமே உரிய காலத்தில் எழவில்லை.

தார் பாலைவனத்தின் அனுபவம்

நம் நாட்டிலும் இப்பணி நெடுங்காலமாக நடைபெறுகிறது. ஜோத்பூரில் 1952இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கப்பட்ட அமைப்பு, 1959இல் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கு வகுக்கப்பட்ட முறை எளியது. முதலில் குன்றைச் சுற்றி வேலியிட்டுக் கால்நடைகளின் மேய்ச்சலைத் தடுக்க வேண்டும். அடுத்து, உள்ளூர்ப் புதர்களின் கிளைகளைக் காற்றின் திசைக்குக் குறுக்கே 2 முதல் 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக ஊன்ற வேண்டும். பின்னர் பருவமழை தொடங்கியவுடன் ‘சேவண்’ முதலிய புல் வகைகளையும் மரக்கன்றுகளையும் நட வேண்டும். இஸ்ரேலிலிருந்து 1958இல் தருவிக்கப்பட்ட குடைவேல் மரம் இப்பணியில் பெரிதும் பயன்பட்டது.

நம் அனுபவமும் இருபுறம் கொண்டது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த சீமைக் கருவேல் மரம் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. ஜோத்பூர் சமஸ்தானத்தில் 1940இல் அதற்கு அரச மரியாதையே அளிக்கப்பட்டது. ஏழைகளின் அடுப்புக்கு அது விறகு தந்தது. ஆயினும் அதன் இனிய காய்களைத் தின்ற கால்நடைகள் விதைகளை எங்கும் பரப்பவே, ராஜஸ்தான் முதல் இராமநாதபுரம் வரை மேய்ச்சல் நிலங்களும் நீர்நிலைகளும் அதன் புதர்களால் மூடப்பட்டன. பாலைவனத்துக்கு நீர் கொணர 1958இல் தொடங்கப்பட்டுப் பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர்பெற்ற திட்டம் வறண்ட மண்ணில் பயிர்களை விளைவித்தது. நிலத்தடியில் நீர் புகாத கடின அடுக்கு அமைந்த சில பகுதிகளில் நீர் தேங்கி உவர் பூத்ததும் உண்டு.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வுண்மைகளை விளக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஓர் அகன்ற தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி, பக்கவாட்டிலிருந்து விசிறியால் மெல்ல வீசினால் மணல் நகர்வதைக் காணலாம். துகள் கண்ணில் படாதபடி மாணவரை விசிறியின் பின்புறம் நிறுத்துதல் வேண்டும். பின்னர் ஈர்க்குச்சித் துண்டுகளைக் காற்றுக்குக் குறுக்கே வரிசையாக நெருக்கி ஊன்றி மீண்டும் வீசினால், குச்சிகளின் பின்னே மணல் தங்கிவிடும். குச்சிகளை நெருக்கியும் அகற்றியும் வைத்து, எவ்வளவு இடைவெளியில் பயன் மிகுகிறதென்று மாணவரையே அளந்து எழுதச் செய்யலாம். முடிவில், “குச்சிகளைத் தாண்டி மணல் செல்லவே இல்லையெனில், அப்பால் அதனை நம்பி வாழும் உயிர்கள் என்னவாகும்?” என்ற வினாவையும் எழுப்புதல் நலம்.

களப்பணியாளர் ஒரு கன்றை நடும்போதும் இவ்வினா பொருந்தும். அக்கன்று பத்து ஆண்டுகளில் எங்கு பரவும், அதன் நிழலில் எது வளரும், எது வளராது, அவ்விடத்தில் முன்னரே வாழும் வன்னி மரத்துக்கும் புல்லுக்கும் பறவைக்கும் என்ன நேரும் என்பதைக் கேட்டறிந்து நடுதல் வேண்டும். நட்ட பின்னரும் ஆண்டுதோறும் சென்று பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். அராக்கிஸ் என்றொரு கிரகம் எங்கும் இல்லை. ஆனால் அங்கு எழுந்த கேள்வி, வேலியிட்டுக் கன்று நடும் ஒவ்வொரு மணற்குன்றின் மீதும் எழுகின்ற கேள்வியே ஆகும்.