பொதுப் பூங்காவும் ‘பொது’ என்னும் கருத்தும்
விளையாட்டு வெளிகளை அனைவர்க்கும் உரியனவாக்குதல் பற்றிய சில சிந்தனைகள்

1

நகரசபைகளும் பிரதேச சபைகளும் தத்தம் எல்லைக்குட்பட்ட பூங்காக்களையும் சிறுவர் விளையாட்டிடங்களையும் புனரமைப்பதை நாம் அவ்வப்போது காண்கின்றோம். வேலி புதுப்பிக்கப்படுகின்றது, ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் வண்ணம் பூசப்படுகின்றது, நடைபாதைக்குக் கல் பதிக்கப்படுகின்றது, திறப்பு விழா முடிந்ததும் அவ்விடம் பொதுமக்கள் பாவனைக்குக் கையளிக்கப்பட்டதாக அறிவிக்கப்படுகின்றது. இவ்வறிவிப்பிலே சுட்டப்படும் ‘பொதுமக்கள்’ யாவர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்பி, வரலாற்று அடிப்படையில் அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் பயில்வோருக்குப் பூங்காவைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று சிலர் கேட்கலாம். சொற்களின் வரலாறு சமூக உறவுகளின் வரலாறாகவும் அமைகின்றது என்பதே நமது விடை. ‘மன்றம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சங்கச் செய்யுள்களில் அது ஊரார் கூடும் திறந்த வெளியைக் குறித்தது. இன்று அச்சொல் உறுப்பினர் பதிவேடும் சந்தாவும் உடைய சங்கங்களையே பெரிதும் குறிக்கின்றது. இம்மாற்றத்தைக் கண்டு, பண்டைத் தமிழகத்தில் அனைவர்க்கும் பொதுவான வெளி இருந்தது, அதை நாம் இழந்துவிட்டோம் என்று இரங்குவது எளிது. ஆயின் வரலாறு அவ்வாறான மனநிறைவுக்கு இடந்தருவதில்லை. முதலாம் இராசராசனது தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்கள் பட்டியலிடப்படும்போது, ஊர்நத்தம் வேறாகவும் பறைச்சேரி வேறாகவும் கூறப்படுகின்றன. சுடுகாடுகூட இரண்டாகப் பிரித்துச் சொல்லப்படுகின்றது. ஊருக்குப் பொதுவானது என்பது ஊரிலுள்ள அனைவர்க்கும் பொதுவானது என்று பொருள்படவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2

இன்று நாம் அறிந்த நகரப் பூங்கா, கைத்தொழிற் புரட்சியின் பின்னர் பிரித்தானியாவில் உருவான ஒரு நிறுவனமாகும். மேய்ச்சல் நிலங்களும் ஊர்ப் பொது நிலங்களும் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாக்கப்பட்டபின், நிலமிழந்தோர் ஆலை நகரங்களிற் குவிந்தனர். அவர்களுக்கு நடப்பதற்குக்கூட இடமில்லை என்பதை ஆராய 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பொது நடைவெளிகள் பற்றிய தெரிகுழு ஒன்றை நியமித்தது. உழைப்பாளரின் உடல்நலத்தைப் பேணுதலும், அவர்களை மதுச்சாலையிலிருந்து விலக்கி ஒழுங்குபடுத்துதலும் அக்குழுவின் சிந்தனையில் ஒருங்கே இடம்பெற்றன. கூட்டாகப் பயன்படுத்திய நிலம் பறிக்கப்பட்ட பின்னர், அதன் சிறு துண்டொன்று சலுகையாகத் திருப்பி வழங்கப்பட்டது எனலாம்.

1847 இல் லிவர்பூலுக்கு எதிரேயுள்ள பேர்க்கன்ஹெட் நகரிற் பொதுப்பணத்தைக் கொண்டு அமைக்கப்பட்ட பூங்கா திறந்துவைக்கப்பட்டது. ஜோசப் பக்ஸ்ரன் வடிவமைத்த அப்பூங்காவைச் சூழவிருந்த காணிகள் மாளிகை கட்டுவோருக்கு விற்கப்பட்டன. பூங்காவினாலேயே அக்காணிகளின் பெறுமதி உயர்ந்தது. நகரப் பூங்காவின் இரட்டைத் தன்மை அதன் தோற்றத்திலேயே காணப்படுகின்றது. அது உழைப்பாளனுக்கு மூச்சுவிட இடந்தருகின்றது. அதேவேளை காணி உடையோனுக்கு இலாபமும் ஈட்டிக்கொடுக்கின்றது. பூங்கா அழகாகுந்தோறும் சுற்றுவட்டாரத்தில் வாடகை உயர்ந்து, ஏழைகள் அயலைவிட்டு நீங்க நேரும் நிலையை இன்று பல நாட்டு நகரங்களிற் காணலாம்.

அதே 1847 ஆம் ஆண்டிலேதான் ஆலைகளில் வேலைசெய்த பெண்களுக்கும் இளையோருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணிநேர வேலையை வரையறுத்த சட்டமும் நிறைவேறியது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்தே நோக்குதல் வேண்டும். ஓய்வு இல்லாதவனுக்குப் பூங்கா திறந்திருந்தும் பயனில்லை. வேலை நாளின் சுருக்கமே சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனை என மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் வற்புறுத்தியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண், மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் அடுப்பெரிக்கவும் தண்ணீர் சுமக்கவும் வேண்டியிருக்கையில், அவளுக்கு எந்தப் பூங்கா உரியது?

3

இந்நிறுவனம் ஆட்சியாளரோடு இலங்கைக்கும் வந்தது. கொழும்புக் காலிமுகத்திடலிலே தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் நாட்டுவித்த நினைவுக்கல் ஒன்றுளது. 1856 இல் தொடங்கி 1859 இல் முடிக்கப்பட்ட அந்நடைவெளியை, கொழும்பு நகரின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலன் கருதித் தமக்குப் பின்வருவோரின் கவனத்துக்கு அவர் அதில் விட்டுச்செல்கின்றார். பெண்களையும் சிறுவரையும் முதன்மைப்படுத்தும் அக்கூற்று இன்றைய நோக்கில் முற்போக்கானதாகவே தோன்றக்கூடும். ஆயின் அன்று அவரது மனக்கண்முன் நின்றோர் துறைமுகத் தொழிலாளியின் மனைவியோ, கொம்பனித்தெருச் சிறுமியோ அல்லர் என்பதை விளக்கத் தேவையில்லை.

எனினும் வெளியின் பொருளை அதை அமைத்தவன் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1956 யூன் 5 ஆந் திகதி, தனிச்சிங்கள மசோதாவை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்ததும், காடையரால் தாக்கப்பட்டதும் அத்திடலிலேதான். ‘பொது’ வெளியில் அமைதியாக அமர்வதற்குங்கூட இந்நாட்டில் ஒரு தேசிய இனத்துக்கு உரிமை மறுக்கப்பட்டதை அந்நாள் காட்டிற்று. 2022 ஏப்பிரல் 9 ஆந் திகதி தொடங்கிய மக்கள் கிளர்ச்சியின்போது அதே திடலிற் கூடாரங்களும் வாசிகசாலையும் எழுந்தன. மே 18 ஆந் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தோர் அங்கு நினைவுகூரப்பட்டனர். யூலை 22 அதிகாலையிற் படையினர் அங்கிருந்தோரை அகற்றினர். ஒரே புற்றரை சில வாரங்கள் முன்னெப்போதுமில்லாத அளவு பொதுவாகியதும், பின்னர் அத்தன்மை பறிக்கப்பட்டதும், பொதுமை என்பது சமூகப் போராட்டத்தினால் ஆக்கப்படும் ஓர் உறவே என்பதற்குத் தக்க சான்றாகும்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட ஒரு காலப்பகுதியையும் குறிப்பிடல் வேண்டும். 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் தலைநகரில் நடைபாதைகளும் புற்றரைகளும் பெருகின. நகரம் தூய்மையாயிற்று என்று நடுத்தர வர்க்கத்தினர் மகிழ்ந்தனர். அதே ஆண்டு மே மாதத்திற் கொம்பனித்தெருவிற் குடியிருப்புகள் படையினரின் காவலோடு இடிக்கப்பட்டன. அழகுபடுத்தலும் வெளியேற்றலும் ஒரே நிருவாகத்தின் இரு கைகளாக இயங்கின. நகரின் தூய்மையைக் காண்போர் வெளியேற்றப்பட்டோரையும் காணவேண்டும்.

4

இதுவரை கூறியவற்றிலிருந்து, வர்க்கமும் அரச அதிகாரமுமே அனைத்தையும் விளக்கிவிடும் என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். இதனை வியன்னா நகரின் அனுபவம் தெளிவாக்குகின்றது.

1919 முதல் 1934 வரை வியன்னா மாநகரசபை சமூக சனநாயகவாதிகளின் ஆட்சியில் இருந்தது. வசதியுள்ளோரிடம் கூடுதலாக அறவிடும் வீடமைப்பு வரியை 1923 இல் விதித்து, அந்நிதியையும் கொண்டு அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வீடுகளை அது கட்டியது. அவற்றின் உள்முற்றங்களிற் சிறுவர் விளையாட்டிடங்களும் பாலர் பாடசாலைகளும் அமைந்தன. உழைக்கும் மக்களுக்காக ஒரு நகராட்சி என்ன செய்யமுடியும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அது. அத்தகைய மரபுடைய நகரிலேயே, 1990 களிற் பூங்காக்களைப் பயன்படுத்துவோர் பற்றி ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. ஏறக்குறைய ஒன்பது வயதுவரை சிறுமியரும் சிறுவரும் ஒத்த அளவிலே பூங்காவுக்கு வந்தனர். அதன்பின் சிறுமியரின் தொகை வெகுவாகக் குறைந்தது. சிறுவர் தொகை அவ்வாறு குறையவில்லை.

இதற்கு வழக்கமான விளக்கம் யாவரும் அறிந்ததே: வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ஓடியாடுவதில் நாட்டமில்லை, அது இயல்பு. ஆயின் 1992 இல் மாநகரசபையில் ஆரம்பிக்கப்பட்ட பெண்கள் பணியகத்தினர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. நகரத் திட்டமிடலாளர் ஏவா கைல் போன்றோர் வெளியின் அமைப்பையே வினாவுக்கு உட்படுத்தினர். பூங்காவின் நடுவே கம்பிவலையால் அடைக்கப்பட்ட பந்தடிக் கூடு இருந்தது. அதற்கு ஒடுக்கமான ஒரே வாயில். வலிமை கூடிய குழுவினர் அதைக் கைப்பற்றியதும், ஏனையோர் விலகவேண்டியதாயிற்று. சிறுமியருக்கு விளையாட விருப்பமில்லை என்று கருதப்பட்டது. உண்மையில் இடத்துக்காகப் போட்டியிட்டு வெல்ல முடியாத நிலையே இருந்தது.

1999 இல் மாகரேதன் எனும் ஐந்தாம் வட்டாரத்திலுள்ள இரண்டு பூங்காக்கள் இக்கண்ணோட்டத்திற் புதிதாகத் திட்டமிடப்பட்டன. பெருவெளி சிறு பகுதிகளாக வகுக்கப்பட்டது, கூடுகளுக்கு அகன்ற வாயில்கள் திறக்கப்பட்டன, கரப்பந்தாட்டத்துக்கும் பூப்பந்தாட்டத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டது, குழுவாக இருந்து பேசுவதற்கு மேடைகள் அமைந்தன, பாதைகளுக்கு ஒளியூட்டப்பட்டது. சிறுமியர் மீண்டும் வந்தனர், சிறுவரும் நீங்கவில்லை. ஓர் அமைப்பின் விளைவை இயற்கை என்று காட்டுவதே கருத்துநிலையின் தொழில் என்று நாம் வகுப்பறையிற் சொல்வதுண்டு. இரண்டு பூங்காக்களின் வாயில்கள் அதை நடைமுறையில் நிறுவிவிட்டன. வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் ஏனையவை தாமே தீரும் என்று நம்பியிருக்கும் நம்மவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

5

இவ்வொளியில் நமது அயல்களை நோக்குவோம். யாழ்ப்பாணக் கிராமங்களில் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் நமது பண்பாட்டு வாழ்வுக்கு ஆற்றிய பணி பெரிது. அவற்றோடு இணைந்த மைதானமே பல ஊர்களிலுள்ள ஒரே விளையாட்டு வெளியுமாகும். ஆனால் மாலை ஐந்து மணிக்கு அம்மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்போமாயின் நாம் காண்பது யாது? பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினரான ஆண்கள் உதைபந்தாட்டமோ கிரிக்கெற்றோ ஆடுவர். பெண்பிள்ளைகள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியோடு விளையாட்டை நிறுத்திவிட்டனர். முதியோர் வீதியோர மதகில் அமர்ந்திருப்பர். கழகத்தின் எல்லை குறிச்சியின் எல்லையாகவும், குறிச்சியின் எல்லை சாதியின் எல்லையாகவும் அமைந்துள்ள இடங்களை நாம் அறிவோம். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் பின்னரும், ஆலயக் கதவுகளுக்காகவும் தேநீர்க் கடைகளுக்காகவும் அறுபதுகளிற் போராட வேண்டியிருந்தது. மைதானத்துக்குக் கதவு இல்லாமையால் அங்கு விலக்கு இல்லை என்று நாம் எண்ணிவிட்டோம். ‘அது அவர்களுடைய கிறவுண்ட்’ என்ற ஒரு வாக்கியமே கதவின் வேலையைச் செய்துவிடுகின்றது.

மலையகத்தின் நிலை வேறானது. அங்கு மைதானமும் தோட்டத்தின் உடைமை. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தோர், தம் பிள்ளைகள் பந்தடிக்கும் தரையைத் தமது என்று சொல்ல முடியாதவர். காணியுரிமைப் போராட்டத்தின் பட்டியலில் விளையாட்டு நிலமும் இடம்பெறுதல் வேண்டும்.

மாற்றுவலுவுடையோரைப் பொறுத்தவரை சட்டங்கள் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், அணுகும் வசதி பற்றிய 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் உள்ளன. மாற்றுவலுவுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, மாற்றுவலுவுடைய பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளோடு சமமாக விளையாடும் உரிமையைக் கூறுகின்றது. நீண்ட போரினால் அவயவம் இழந்தோர் பலர் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் இது ஏட்டுச் சுரைக்காயாக இருத்தல் தகாது. ஆயின் மோட்டார்ச் சைக்கிள் நுழையாதிருக்க நட்ட குறுக்குக் கம்பிகள் சக்கர நாற்காலியையும் மறிக்கின்றன. ஊஞ்சலைச் சுற்றிக் கொட்டிய மணலில் அதன் சில்லு புதைகின்றது. காலிழந்த தந்தை தன் மகளின் ஊஞ்சலை ஆட்டிவிட முடியாமல் வாயிலிலேயே நிற்க நேர்கின்றது. எவரும் அவரைத் தடுக்கவில்லை. எனினும் அவர் தடுக்கப்பட்டுவிட்டார்.

6

எனவே புனரமைப்பு என்பது எங்கிருந்து தொடங்குதல் வேண்டும்? விலைப்பட்டியலிலிருந்து அன்று, வராதவர்களிலிருந்து. எந்தப் பூங்காவையும் திருத்துமுன், காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் யார் வருகின்றனர் என எண்ணிப் பார்க்கலாம். அயலிற் குடியிருந்தும் வராதோரை வீடுதேடிச் சென்று ஏன் என்று கேட்கலாம். இதனைப் பல்கலைக்கழக மாணவரும் சனசமூக நிலையங்களும் இணைந்து செய்யமுடியும். கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் எளியனவாகவே இருக்கும்: பூட்டியிராத மலசலகூடம், குடிநீர், மரநிழலிற் சாய்மானமுள்ள இருக்கை, பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற அளவுக்கு மேற்படாத சாய்வு, பொழுதுபட்ட பின் ஒளி, மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கிய நேரம், மும்மொழியிலும் அறிவித்தற்பலகை. இவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. போரினாற் சிதைந்த அம்ஸ்ரர்டாமில் 1947 இல் அல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர் மணற்குழி, இரும்பு வளைவு, சில கொங்கிறீற்றுக் கற்கள் ஆகியவற்றைக் கொண்டே வேலியற்ற விளையாட்டிடங்களை அமைக்கத் தொடங்கினார். 1978 வரையில் அவை எழுநூறுக்கு மேலாயின. வெறுமையாய்க் கிடந்த காணித்துண்டுகளே அவற்றுட் பலவற்றுக்கு இடமாயின.

வடிவமைப்பினால் மட்டும் சாதி ஒழியாது; வேலைநேரம் குறையாது; வீட்டுவேலை பங்கிடப்படாது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவையெல்லாம் தீரும்வரை பூங்காவை ஒத்திவைத்தலும் இயங்கியலுக்கு ஒவ்வாது. கூடி விளையாடிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கும் முறை வேறு. ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்தோர் பார்க்கும் முறை வேறு. பொது வெளி சமூக உறவுகளின் விளைவாக இருப்பதோடு, அவ்வுறவுகளை மாற்றும் களமாகவும் இருக்கின்றது.

அடுத்த முறை ஒரு பூங்காவின் திறப்பு விழாவுக்கு நாம் அழைக்கப்படுவோமாயின், நாடா வெட்டப்பட்டதும் கலைந்து செல்லாது, ஒரு மாதம் கழித்து ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் சென்று பார்ப்போமாக. வாயிலில் நிற்க நேர்ந்த அத்தந்தை உள்ளே வந்திருப்பாராயின், அவ்விடத்தை நாம் பொதுப் பூங்கா என்று அழைக்கலாம்.