கூண்டு வண்டிக்கு ரப்பர் அளவு

நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் கித்தா போய் செம்பனை வந்து வெகுகாலமாகிறது. பின்னால் கூண்டு போட்ட பிக்கப் வண்டி வைத்திருக்கும் தோழர்களும் இன்று நம்மில் உண்டு. கேபினின் பின்ஜன்னலுக்கும் கூண்டின் முன்ஜன்னலுக்கும் நடுவே உள்ள சந்தை ரப்பர் வைத்து அடைக்கவேண்டும். மழைத்தண்ணி உள்ளே வந்தால் துடைத்துவிடலாம். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுதான் எமன். நிறமில்லை, வாடையில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூங்குகிற ஆளை அப்படியே முடித்துவிடும்.

கடைக்குப் போய், "ஹைலக்ஸுக்கு ஒண்ணு கொடுங்க தவுக்கே" என்றால் போதாது. இரண்டு ஜன்னலையும் தனித்தனியே அளக்கணும். இரண்டும் ஒரே அளவாக அமைவது அபூர்வம். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பாருங்கள். உயரமும் அப்படியே. மூலை வளைவுக்கு டேப்பு உதவாது. அட்டையை வைத்து வெட்டி எடுங்கள். ரப்பர் அழுந்தப்போவது ஜன்னலைச் சுற்றியுள்ள தகரத்தில். அங்கே சமமான விளிம்பு எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தை அளப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மேலும் கீழும், இரு பக்கமும் அளக்கணும். சுமை ஏற்றிய பிறகு மறுபடி அளக்கணும். செம்மண் ரோட்டில் கேபின் ஒரு பக்கம், கூண்டு ஒரு பக்கம் ஆடும். அதனால் ரப்பர் சந்தைவிடத் தடிப்பாக இருந்து, அழுந்தி நிற்கணும்.

நாம் சீவிய பாலில் செய்த ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துவிடும். இதற்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர்தான் தாங்கும். நமக்குக் கசப்பான சேதிதான்!

ரப்பர் போட்டாச்சு என்று கூண்டில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பின்கதவு சரியாக மூடாவிட்டால் அந்த வழியாகவும் புகை உள்ளே ஏறும்.