மழைக்குக் காப்பீடு, போருக்கு இல்லை

அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க வருகிறவர்கள், வழியில் இருக்கும் மானாவாரிக் கொல்லைகளைக் கவனிப்பதில்லை. பருவத்தில் மழை தவறினால் அங்கே மல்லாட்டை பொக்காகிவிடும். அதற்காகத்தான் பயிர்க் காப்பீடு. வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். காரிஃப் மல்லாட்டைக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். மீதிப் பிரீமியம் அரசுகளுடையது. அறுவடையின்போது அலுவலர்கள் கொல்லையில் இறங்கி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் செடிகளைப் பிடுங்கி, காயை ஆய்ந்து எடை போடுவார்கள். இப்படிச் சில கொல்லைகளில் எடுத்த சராசரியை வைத்தே அந்தப் பகுதிக்கு இழப்பீடு உண்டா என்பது முடிவாகும்.

துப்பாக்கி நடமாடும் ஊரில் யார் போய்க் கயிறு கட்டுவது? மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில் 2012 முதல் சண்டை ஓயவில்லை. அங்கே மழையை அளப்பது செயற்கைக்கோள். ஆப்பிரிக்க ஒன்றியம் 2012-இல் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் ரிஸ்க் கெபாசிட்டி’ அமைப்பிடம் நாடுகளே பிரீமியம் கட்டுகின்றன. மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு. 2015 தொடக்கத்தில் செனகல், நைஜர், மொரிட்டானியா மூன்றுக்கும் சேர்த்து 2.6 கோடி டாலர் போனது. பிறகு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் மாலி போன்ற நாடுகளில் அரசுக்கு இணையாகத் தனி பாலிசி எடுத்தது. அரசின் கை எட்டாத ஊர்களுக்கும் உதவி அமைப்புகள் வழியாக உணவு போகலாம் என்பதே கணக்கு. உலகம் உண்டியல் குலுக்கி முடிக்கும்வரை பட்டினி காத்திருக்காது அல்லவா?

ஆனால் கணக்கே தப்பினால்? 2015-16 வறட்சியில் மலாவியில் லட்சக்கணக்கானோர் பசியில் இருக்க, இழப்பீடு இல்லை என்றது ஆப்பிரிக்கன் ரிஸ்க் கெபாசிட்டியின் கணினி. விவசாயிகள் விதைத்தது குறுகிய கால மக்காச்சோளம். கணக்கில் இருந்ததோ நீண்ட கால ரகம். அதைத் திருத்திய பிறகே 81 லட்சம் டாலர் கிடைத்தது. அதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன.

இன்னொரு குறையும் உண்டு. இந்த பாலிசி மழை பொய்த்தால் மட்டுமே பணம் தரும். நல்ல மழை பெய்தும் சண்டைக்குப் பயந்து விதைக்காமல் ஓடியவனுக்கு அதில் பத்துப் பைசா இல்லை. அவனுக்கு நன்கொடைதான் கதி. காப்பீடு வந்துவிட்டது என்று கொடையைக் குறைப்பவர்கள் அவனைத்தான் கைவிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் 2023 காரிஃப் முதல் நெல் மகசூல் கணிப்பில் செயற்கைக்கோள் நுழைந்துவிட்டது. வேகம் நல்லதுதான். என்ன ரகம், எப்போது விதைத்தது என்பதைக் கொல்லைக்காரரிடம் கேட்டு எழுதாவிட்டால் மலாவியின் கதைதான் இங்கேயும்.