கடற்கோட்டையும் ஒரு கமாண்டோ வீரனும்

உடுப்பிட்டியிற் பிறந்தவனுக்குக் கடல் அயல்வீட்டுக்காரன் போன்றது. வடக்கே சிறிது தூரம் நடந்தால் வல்வெட்டித்துறை வந்துவிடும். ஆயினும், சிவசம்புப் புலவரின் ஊரவராகிய நாம் யாப்பையும் அணியையும் பற்றிப் பேசுமளவுக்குக் கடலைப் பற்றிப் பேசுவதில்லை. அக்குறையைத் தீர்க்கவோ என்னவோ, சில நாட்களுக்கு முன் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு காரைநகர்த் துறைக்குச் சென்றிருந்தேன். நீருக்கு நடுவே நிற்கும் கோட்டையைக் காட்டி, “ஐயா, அது பூதத்தம்பி கதையில் வரும் கோட்டைதானே?” என்று வினவினான் ஒருவன்.

அக்கோட்டையைக் கட்டியவர் போர்த்துக்கேயர். 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இலங்கைத் தீவு பன்றித் தொடை போலத் தோன்றுகிறதென்றும், கோட்டை அதன் குதிகால் போலிருக்கிறதென்றும் கண்டு, ஹமன்ஹீல் எனப் பெயரிட்டனர். அவர்தம் கற்பனையை மெச்சுவதா நோவதா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும். நான் மாணவர்க்குச் சொன்ன கதை பூதத்தம்பிக்கு மிகப் பிந்தியது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இக்கோட்டையின் பெயரைத் தாங்கிய முகாமொன்று இக்கடற்பகுதியில் இருந்தது. அங்கே பணிபுரிந்தோருள் ஒருவர் ஹேர்பர்ட் ஹாஸ்லர் என்னும் பிரித்தானியக் கடற்படைத் தரைவீரர்.

ஹாஸ்லர் 1914 இல் டப்ளின் நகரிற் பிறந்தவர். சிறு பராயத்திலேயே தம் கையாற் படகு கட்டி ஓட்டியவர். 1932 இல் றோயல் மரீன் படையிற் சேர்ந்து, 1940 இல் நோர்வே நாட்டுப் போரிற் பங்குகொண்டார். ஆனால், அவர் பெயரை உலகறியச் செய்தது 1942 டிசம்பர் மாதத்து நிகழ்ச்சியேயாம்.

அவ்வாண்டு மலாயாவின் இறப்பர்த் தோட்டங்கள் யப்பானியர் கையில் விழுந்திருந்தன. அந்த இறப்பரையும் பிற பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு, பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையைக் கடந்து வந்த கப்பல்கள் பிரான்சின் போர்டோத் துறைமுகத்தில் ஒதுங்கின. துறைமுகமோ கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே, ஆற்றின் கரையில் உள்ளது. விமானத்தாற் குண்டு வீசினால் நகரத்து மக்கள் மாள்வர். ஆகவே, இருவர் அமரும் மடக்கு ஓடங்களில் இரவிலே துடுப்பு வலித்துச் சென்று, உடும்புபோற் பற்றிக்கொள்ளும் காந்தக் குண்டுகளைக் கப்பல்களின் அடியில் ஒட்டிவிட்டு மீள்வதென்று ஹாஸ்லர் திட்டம் வகுத்தார். தாமே தலைமையும் தாங்கினார்.

டிசம்பர் 7 ஆம் நாள் இரவு, ‘டூனா’ என்ற நீர்மூழ்கி அவர்களை ஆற்றுமுகத்துக்கு வெளியே கொண்டுவந்து சேர்த்தது. ஆறு ஓடங்களில் ஒன்று வெளியே எடுக்கும்போதே கிழிந்துபோயிற்று. எஞ்சிய ஐந்தில் பத்துப்பேர் புறப்பட்டனர். ஆறும் கடலும் மோதும் இடத்தில் எழுந்த நீர்ச்சுழிப்பில் ஓர் ஓடம் காணாமற் போயிற்று, வேறொன்று கவிழ்ந்தது. கவிழ்ந்த ஓடத்து வீரர் இருவரையும் ஏற்ற இடமில்லை. பற்றிக்கொள்ளச் செய்து சிறிது தூரம் இழுத்துச் சென்ற ஹாஸ்லர், அதற்கு மேலும் இழுத்தால் விடிவதற்குள் எல்லோருமே அகப்படுவர் என்பதை உணர்ந்தார். கரை தென்பட்ட இடத்தில், மார்கழிக் குளிர்நீரில், கைகுலுக்கி விடைகொடுத்து அவ்விருவரையும் விட்டுச் சென்றார். அவர்கள் கரையை உயிரோடு அடையவில்லை.

இவ்விடத்தை நான் சொன்னபோது மாணவர் எவரும் பேசவில்லை. தளபதியின் துணிவைப் போற்றும் நூல்கள் இந்தக் கைகுலுக்கலை இரண்டு வரிகளில் கடந்துவிடுவதுண்டு. எனக்கோ அந்தப் பயணம் முழுவதிலும் துடுப்பு மிகக் கனத்திருக்கக்கூடிய கணம் அதுதான் என்று தோன்றுகிறது.

பின்னும் ஓர் ஓடம் பிரிந்துபோயிற்று. பகலில் நாணற்புதர்களில் ஒளிந்தும் இரவில் வலித்தும் இரண்டே ஓடங்கள் போர்டோவை அடைந்தன. 11 ஆம் நாள் இரவு குண்டுகள் ஒட்டப்பட்டன. மறுநாட் காலை கப்பல்கள் பல சேதமுற்றன. ஹாஸ்லரும் அவரது துணைவர் ஸ்பார்க்ஸும் குடியானவர் வேடத்தில் நூறு மைல்வரை நடந்து, பிரெஞ்சு மக்களின் உதவியால் ஸ்பெயின் வழியே தப்பினர். பத்துப்பேரில் மீண்டவர் இவ்விருவர் மட்டுமே. அகப்பட்ட அறுவரும் போர்வீரராயிருந்தும், கமாண்டோக்களை உயிரோடு விடலாகாது என்ற ஹிட்லரின் கட்டளைப்படி சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இன்னுங் கொடிய செய்தி ஒன்றுண்டு. பிரித்தானிய அரசின் வேறொரு இரகசியப் பிரிவின் ஆட்களும் அதே கப்பல்களைத் தகர்க்கப் போர்டோவில் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தனர். ஒரு பிரிவு செய்வதை மற்றது அறியவில்லை. எட்டுப்பேரின் உயிர் இலண்டன் அலுவலகங்களுக்கிடையே இருந்த மௌனத்துக்கும் சேர்த்துக் கொடுத்த விலை என்றே நான் கருதுகிறேன்.

இனி நமது கரைக்கு வருவோம். 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. பின்னர் தென்கிழக்காசியச் சேனைகளின் தலைவராகிக் கண்டியில் அமர்ந்த மவுண்ட்பேட்டன் பிரபுவே, முன்பு ஹாஸ்லரைப் போர்டோவுக்கு அனுப்பிய பிரிவின் தலைவராயிருந்தவர். 1944 நடுப்பகுதியில் சிற்றோடப் பிரிவுகள் யாவும் ஒன்றாக்கப்பட்டு, ஹமன்ஹீல் முகாமில் தளம் அமைத்தன. கேணல் டொலமாஷ் தலைவர். ஹாஸ்லர் அவருக்கு அடுத்தவர். அலையிலும் சேற்றிலும் இரவில் ஓடம் செலுத்துதல், நீந்திச் சென்று எதிரியின் கரையை அளந்து வருதல் ஆகியன இங்கே பயிலப்பட்டன. அப்படிப் பயின்றவர்கள் பர்மாக் கரைகளிலும், 1945 பெப்ரவரியில் ஐராவதி நதியைச் சேனைகள் கடந்தபோதும் முன்சென்றனர். தீவுகளின் நிழலில் அலையடங்கிக் கிடக்கும் நமது கடல் பழகுநர்க்கு வாய்ப்பான பள்ளி என்பதில் ஐயமில்லை.

போர் முடிந்து 1948 இல் ஓய்வு பெற்ற ஹாஸ்லர் கடலை விடவில்லை. தனியொருவராக அத்திலாந்திக் கடலைக் கடக்கும் படகோட்டப் போட்டியை உருவாக்கியவர் அவரே. 1960 இல் ஐவர் புறப்பட்ட முதற்போட்டியில், சீனப் பாய் கட்டிய ‘ஜெஸ்டர்’ என்ற சிறு படகில் 48 நாட்களில் அக்கரை சேர்ந்து இரண்டாவதாக வந்தார். 1987 இற் காலமானார்.

அத்திலாந்திக் என்றதும் என் நினைவு வல்வெட்டித்துறைக்கு ஓடியது. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், நமது மாலுமிகளோடு அதே கடலைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளஸ்டர் துறையை அடைந்ததன்றோ? அதையும் சொன்னேன். கூட்டத்தில் வல்வெட்டித்துறைப் பையன் ஒருவன் இருந்தான். அவன் கமாண்டோவை அந்தக் கணமே மறந்துவிட்டான். “ஐயா, அன்னபூரணியில் சுக்கான் பிடித்தது ஆர்?” என்று தொடங்கியவன், பஸ் வரும்வரை ஓயவில்லை.