மகிழுந்து மின்சுற்றுக்கான உருகி, ரிலே தெரிவு

பியூஸ் எனப் பேச்சு வழக்கில் வழங்கும் உருகி என்பது, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது தான் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஆகும். ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கவும் நிறுத்தவும் உதவும் மின்காந்த ஆளி ஆகும். மகிழுந்தில் விளக்கு, ஒலிப்பான், விசிறி முதலியவற்றைப் புதிதாகப் பொருத்தும்போது இவ்விரண்டின் அளவும் கம்பியின் தடிமனும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இல்லையெனில் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும்.

உருகியின் பணி

உருகி முதன்மையாகக் காப்பது கருவியை அன்று, கம்பியையே ஆகும். மகிழுந்தின் 12 வோல்ட் மின்கலம் குறுக்குச்சுற்று ஏற்படும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தர வல்லது. உருகி இல்லாத மெல்லிய கம்பியின் காப்புறை சில நொடிகளில் உருகிவிடும். எனவே உருகியின் அளவு கம்பி தாங்கும் அளவை விஞ்சக்கூடாது. மின்கலத்துக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பு இல்லாததால், உருகி மின்கலத்துக்கு மிக அருகில் அமைய வேண்டும்.

கணக்கிடும் முறை

திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 55 வாட்டு விளக்குகள் இரண்டுக்கு 110 ÷ 12 = 9.2 ஆம்பியர் தேவை. தொடர்ந்து பாயும் மின்னோட்டம் உருகியின் அளவில் 75 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது. 9.2 ÷ 0.75 = 12.3 என்பதால், அடுத்த பெரிய அளவான 15 ஆம்பியர் உருகி பொருந்தும். இதற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் அல்லது அதனினும் தடித்த செப்புக் கம்பி வேண்டும்.

அதே இடத்தில் 100 வாட்டு விளக்குகளைப் பொருத்தினால் மின்னோட்டம் 16.7 ஆம்பியராக உயர்ந்து, 15 ஆம்பியர் உருகி அறுந்துவிடக்கூடும். அப்போது கம்பியை மாற்றாமல் உருகியை மட்டும் பெரிதாக்குவது பாதுகாப்பையே நீக்குவதற்கு ஒப்பாகும்.

நிறக் குறியீடு

தகட்டு உருகிகளின் அளவை அவற்றின் நிறத்தால் அறியலாம்.

5 ஆம்பியர் – இளம்பழுப்பு
7.5 ஆம்பியர் – பழுப்பு
10 ஆம்பியர் – சிவப்பு
15 ஆம்பியர் – நீலம்
20 ஆம்பியர் – மஞ்சள்
25 ஆம்பியர் – நிறமற்றது
30 ஆம்பியர் – பச்சை

ரிலே தெரிவு

ரிலேயில் 85, 86 என்னும் முனைகள் காந்தச் சுருளுக்கு உரியவை. 30 என்னும் முனை மின்கலத்திலிருந்து உருகி வழியாக வரும் கம்பிக்கும், 87 கருவிக்கும் உரியவை. சுருள் ஏறத்தாழ 0.15 முதல் 0.2 ஆம்பியர் வரையே எடுப்பதால், ஓட்டுநரின் கையருகே உள்ள சிறிய ஆளி கருகாமல் நீடிக்கும்.

குளிர்ந்த விளக்கிழையும் நின்றிருக்கும் மின்னோடியும் தொடக்கத்தில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆதலால் ரிலேயின் தொடுமுனை அளவு இயல்பு மின்னோட்டத்தைப் போல இரு மடங்கேனும் இருத்தல் நலம். மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு 30 ஆம்பியர் ரிலே போதும். பேருந்து, சரக்குந்து ஆகியவற்றுக்குரிய 24 வோல்ட் ரிலேயை மகிழுந்தில் பயன்படுத்தலாகாது. உள்ளே டையோடு பொருத்திய ரிலேயில் 85, 86 முனைகளை இடம் மாற்றவும் கூடாது.

வெப்பத்தின் விளைவு

உருகியின் அளவு பொதுவாக 25 பாகை செல்சியசு வெப்பநிலைக்கே குறிக்கப்படுகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணியில் கோடை வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். மலைக்கோயிலுக்கு மெதுவாக ஏறும் வண்டியின் பொறியறையில் வெப்பம் இதனினும் மிகுதியாக இருக்கும். இத்தகைய வெப்பத்தில் உருகி தன் அளவுக்குச் சற்றுக் குறைந்த மின்னோட்டத்திலேயே அறுந்துவிடலாம். கம்பி தாங்கும் அளவும் குறையும். ஆகவே வெப்பமான ஊர்களில் பெரிய உருகியை இடுவதைக் காட்டிலும் தடித்த கம்பியைத் தெரிவதே முறையாகும்.

பழைய மகிழுந்துகள்

பழைய பிரித்தானிய மகிழுந்துகளில் பயன்பட்ட லூக்காஸ் கண்ணாடிக் குழாய் உருகிகளில் 35 ஆம்பியர் என்பது உருகி அறும் அளவைக் குறிக்கும். அவை தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. தகட்டு உருகியில் உள்ள எண்ணோ தாங்கும் அளவைக் குறிப்பது. இவ்வேறுபாட்டை அறியாமல் 35 ஆம்பியர் தகட்டு உருகியை அங்கே பொருத்தினால் கம்பி எரிந்துபோகலாம்.

அடிக்கடி உருகி அறுவது சுற்றில் பழுது உள்ளதற்கான அறிகுறியாகும். பழுதைக் கண்டறியாமல் உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியையோ ஈயத்தாளையோ செருகுதல் ஆபத்தானது.