நாலு புள்ளி, ஒரே இழை

எங்கள் பெரியம்மா கோலம் போடும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு, ஈரம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்வரை இடுப்பில் கைவைத்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி என்னதான் பார்க்கிறார் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. அங்கே வெறும் சிமெண்டுத் தரைதான் இருக்கும். பிறகு குனிந்து, டப்பாவிலிருந்து ஒரு பிடி மாவை அள்ளி மளமளவென்று புள்ளி வைப்பார். வைத்த புள்ளியைத் திரும்ப எண்ணிப் பார்த்ததே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து இழை இறங்கும். ஒரு புள்ளியைச் சுற்றும், நெளியும், தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே வந்து சேரும். உடனே எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு அடுப்பு பற்றவைக்கப் போய்விடுவார்.

"இதெல்லாம் யாரு பெரியம்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு கண்ணு சொல்லிக் குடுக்கறாங்க? சும்மா போடறதுதான்."

அந்தச் 'சும்மா'வைப் பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப வருஷம் பிடித்தது.

மாவிலிருந்தே தொடங்கலாம். இடியாப்பத்துக்கு அரைக்கிற மாதிரி நைசாக அரைத்த அரிசி மாவில் கோலம் வராது. விரலிடுக்கில் அடைத்துக்கொள்ளும், பிறகு பொத்தென்று கட்டியாக விழும். தொட்டால் கொஞ்சம் நறநறவென்று இருக்க வேண்டும். காரணம் எளிது, ஆனால் அழகானது. ஒரு துகளின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விசையோ பாதிதான் குறையும். அரைக்க அரைக்க எடை தோற்று, ஒட்டுதல் ஜெயித்துவிடுகிறது. கரகரப்பான மாவில் எடை ஜெயிப்பதால் துகள்கள் தண்ணீர்போல வழிந்து இறங்குகின்றன. இப்போது தெருவில் கூவி விற்கிற கோலப்பொடி பெரும்பாலும் கல்லை அரைத்தது. இழை அருமையாக விழும், எறும்புக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. பெரியம்மா இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வார். எவ்வளவுக்கு எவ்வளவு என்று கேட்டால், டப்பாவுக்குள் கையை விட்டு மாவை விரலால் தேய்த்துப் பார்த்து, "இந்தப் பதம்" என்பார்.

அடுத்தது புள்ளி. கோல நோட்டுகளில் '15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை' என்று எழுதியிருக்கும். நடுவரிசையில் 15, அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான இடுக்கில் வருகிற மாதிரி 14, 13, 12 என்று குறைத்துக்கொண்டே வந்து 8-இல் நிறுத்த வேண்டும். வைத்து முடித்துவிட்டு ஓரங்களை எண்ணிப் பாருங்கள். ஆறு ஓரங்களிலும் எட்டெட்டுப் புள்ளி. கிடைத்திருப்பது ஒழுங்கான அறுகோணம், மொத்தம் 169 புள்ளி. தேன்கூட்டில் ஓர் அறையைச் சுற்றி ஆறு அறைகள் இருப்பதுபோல, இதில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அக்கம்பக்கத்தார். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்தால் 25 வரும். முதல் நான்கைக் கூட்டினால் 16, மிச்சத்தைக் கூட்டினால் 9. ஒன்று நாலின் வர்க்கம், மற்றது மூன்றின் வர்க்கம். ஒரு வைர வடிவத்துக்குள் இரண்டு சதுரங்கள் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

ஆனாலும் என்னை உட்காரவைத்தது சிக்குக் கோலம்தான். கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள். இதில் இழை புள்ளியைத் தொடக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். எந்தப் புள்ளியும் வெளியே விடுபடக் கூடாது. ஒரே இழையாக முடித்தால் அதற்குத் தனி மரியாதை.

கையை எடுக்காமல் ஒரு படத்தை வரைய முடியுமா என்ற கேள்விக்கு 1736-இலேயே ஆய்லர் விடை சொல்லிவிட்டார். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் தலா ஒரு முறை மட்டும் கடந்து வர முடியுமா என்ற புதிரிலிருந்து பிறந்த விடை அது. ஒவ்வொரு சந்திப்பிலும் கூடுகிற கோடுகள் இரட்டைப்படையாக இருந்தால், தொடங்கிய இடத்துக்கே வந்து முடிக்கலாம். சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் நாலு கோடுகள். அப்படியானால் எல்லாக் கோலமும் ஒரே இழையில் வந்துவிட வேண்டுமே? வராது. ஆய்லரின் கணக்கில் சந்திப்பில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். கோலத்தில் அதற்கு இடமில்லை. சந்திப்பு வந்தால் நேராகக் கடந்தே போக வேண்டும். பெரியம்மாவின் விரல் ஏற்றுக்கொண்டது அந்தக் கடினமான கணக்கை.

ஒரு தாளை எடுத்துச் சதுரமாக நாலு புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இழைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும்படி வரைந்து பாருங்கள். ஒரே இழையாக வராது. மூலைக்கு மூலையாக இரண்டு நீண்ட வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். 3-க்கு 3 வைத்தால் மூன்று வளையங்கள். 3-க்கு 4 வைத்தால் ஆச்சரியம், பன்னிரண்டு புள்ளிகளையும் ஒரே இழை சுற்றி வந்துவிடும். 4-க்கு 6 வைத்தால் இரண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான் இது. வரிசைகளின் எண்ணிக்கையையும், வரிசைக்கு எத்தனை புள்ளி என்பதையும் மீதியில்லாமல் வகுக்கக்கூடிய பெரிய எண் எதுவோ, அத்தனை இழைகள். செவ்வகத்திலிருந்து ஒரு முழுச் சதுரத்தை வெட்டி எடுத்தாலும் மிச்சத்தில் இழைகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது விடை. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் எழுதிவைத்த முறையும் இப்படிக் கழித்துக்கொண்டே போவதுதான்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒருநாள் பெரியம்மாவிடம் போய் விளக்கினேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சதுரமா வெச்சா ஒரே இழை வராது கண்ணு. எங்கியாவது ஓரிடத்துல வெட்டாம வளைச்சுத் திருப்பி உடோணும்" என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த 'ஓரிடம்' ஒரு முழுத் தேற்றம். தனித்தனியான இரண்டு வளையங்கள் வெட்டிக்கொள்கிற ஒரு சந்திப்பை அவிழ்த்து, இழைகளைக் கடக்கவிடாமல் வளைத்துத் திருப்பிவிட்டால், இரண்டும் ஒன்றாகிவிடும். எப்போதும் ஆகும், தப்பாது. முடிச்சுகளை ஆராய்கிற கணிதத்தில் இது அடிப்படைப் பாடம். நாலு புள்ளிக் கோலத்தில் எந்தச் சந்திப்பை அவிழ்த்தாலும் ஒரே இழை கிடைக்கும். ஒன்பது புள்ளிக்கு இரண்டு இடத்தில் அவிழ்க்க வேண்டும், ஆனால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதல் சந்திப்பை அவிழ்த்ததும் இரண்டு வளையங்கள் சேர்ந்துவிடுவதால், சில சந்திப்புகளில் இப்போது ஒரே இழை தன்னைத்தானே வெட்டிக்கொண்டு நிற்கும். அவற்றில் ஒன்றை அவிழ்த்தால் இழைகள் குறையாது. எந்தப் பக்கம் வளைக்கிறோம் என்பதைப் பொறுத்து, சேர்ந்தது மறுபடி பிரிந்துகூடப் போகலாம்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வோர் இடத்திலும் மூன்று வழி உண்டு: இழைகள் வெட்டிக்கொள்ளலாம், இரண்டு புள்ளிகளையும் பிரிக்கலாம், இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டு போகலாம். 3-க்கு 4 கோலத்தில் அப்படி 17 இடங்கள். மூன்றைப் பதினேழு முறை பெருக்கினால் 12 கோடியே 91 லட்சத்து 40 ஆயிரத்து 163. திருப்பிப் போட்டால் ஒன்றுபோலிருப்பவை, பல இழைகளாகப் பிரிந்து நிற்பவை எல்லாம் இதில் அடக்கம்தான். இருக்கட்டும். நாளுக்கு ஒன்று போட்டால் மூன்றரை லட்சம் ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டு புள்ளிக்கே இந்த நிலை. "எனக்குப் புதுசா எதுவும் தோணாது" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தோன்றுவதற்கு அவ்வளவு கிடக்கிறது.

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி இதைக் கூர்ந்து பார்த்தவர். அவரும், அவர் மனைவியும் கணித அறிஞருமான ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கோலத்துக்கு இலக்கணம் எழுதியது. ஒரு மொழியில் சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை உண்டாக்குகிறோம் அல்லவா? அதுபோலச் சில விதிகளைக் கொண்டு சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் வளர்வதைக் கணினி அறிவியலின் பாஷையில் அவர்கள் காட்டினார்கள். கம்பிக் கோலத்தை ஏழே ஏழு விரலசைவுகளாகப் பிரித்ததும் அந்தக் குழுவின் வேலைதான்: நேராகப் போவது ஒன்று, வலப்பக்கம் திரும்புவதில் மூன்று, இடப்பக்கம் திரும்புவதில் மூன்று. எத்தனை பெரிய கம்பிக் கோலமும் இந்த ஏழு எழுத்தில் எழுதிய ஒரு நீண்ட சொல். இதைப் படித்த பிறகுதான், பெரியம்மா ஏன் பேச்சுக் கொடுக்கவிடுவதில்லை என்று எனக்குப் பிடிபட்டது. நடுவில் கேள்வி கேட்டால் சொல்லின் எழுத்து தவறிவிடும்.

இந்த யோசனை நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, அதைச் சுற்றி இழை ஓட்டி, அதோடு சேர்த்துக் கதையும் சொன்னார்கள். சோனா என்பது அந்த ஓவியங்களுக்குப் பெயர். அதில் தேர்ந்தவர்கள் ஆண்கள். மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பாலஸ் ஜெர்டெஸ் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அவற்றுக்குக் கொடுத்தார். மேலே சொன்ன பொதுக் காரணிக் கணக்கு அந்த மணலிலும் அப்படியே செல்லும். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலும் மணல் ஓவியம் உண்டு. மண்ணும் விரலும் இருக்கிற இடத்தில் மனிதர்கள் சும்மா இருந்ததில்லை.

இப்படிச் 'சும்மா' செய்கிறவை மனத்துக்கு என்ன செய்கின்றன என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 658 இளைஞர்களை 13 நாள் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். பாட்டுக் கட்டுவது, பின்னல் போடுவது, புதுச் சமையல் செய்து பார்ப்பது என்று ஏதாவது ஒன்றை ஒருவர் செய்த நாளுக்கு மறுநாள், அவரிடம் உற்சாகமும் வாழ்க்கையில் பிடிப்பும் கூடித் தெரிந்தன. மனசு நன்றாக இருந்தால்தான் கலை வரும் என்று நினைக்கிறோம். அந்த ஆய்வில் அது தெரியவில்லை. நேற்றைய சந்தோஷம் இன்றைய படைப்புக்கு வழிகாட்டவில்லை; நேற்றைய படைப்புதான் இன்றைய சந்தோஷத்துக்கு வழிகாட்டியது. அமெரிக்காவில் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரிடம் களிமண்ணும் பேனாவும் ஒட்டுத்தாளும் கொடுத்து 45 நிமிடம் விட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பின் பழக்கமுள்ளவர், கையே வைக்காதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. எனக்கு வரையவே வராது என்று ஒதுங்கி நிற்கிற அத்தனை பேருக்கும் நான் சொல்ல விரும்புகிற சேதி இது.

போன மார்கழியில் பெரியம்மாவுக்கு மூட்டு வலி. முக்காலியைப் போட்டுத் திண்ணையோரம் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுச் சிறுமி, மூன்றாவது படிக்கிறவள், கோலம் போட வந்தாள். 3-க்கு 3 புள்ளி வைத்து இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாட்டி, மூணும் தனித்தனியா நிக்குது."

"எங்க உடலாம்னு நீயே பாரு."

ஒரு சந்திப்பை விரலால் தேய்த்து அழித்துவிட்டு வளைத்து இழுத்தாள். இழைமேல் விரலை ஓட்டிப் பார்த்தாள், இரண்டாகியிருந்தது. அடுத்து நடுவில் ஒன்றை அழித்து இழுத்தாள். மறுபடி விரலை ஓட்டினாள். மூன்றாகிவிட்டது. முகம் சுருங்கியது. பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. அவள் எழுந்து கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவிலிருந்ததைப் பழையபடி வெட்டவிட்டு, ஓரத்தில் ஒன்றை அழித்து இழுத்தாள். விரல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒன்பது புள்ளியும் உள்ளே இருந்தன.

எட்டு மணிக்குப் பால்காரர் ஸ்கூட்டர் அதன்மேல் ஏறிப் போனது. மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் அவள் வந்து 4-க்கு 4 புள்ளி வைத்திருந்தாள்.